சிங்கைக் கடலில் ஆழங்கண்ட வரலாறு

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது தமிழ் மக்களிடையே வழங்கும் பழமொழி. ஆற்றில் இறங்குவோனை நோக்கி எழுந்த இம்மொழி கப்பலோட்டுவோனுக்கே மிகுதியும் பொருந்துவதாகும். ஆற்றில் இறங்குவோன் முழங்கால் நனைந்த அளவில் தன் பிழையை உணர்ந்து கரையேறிவிடலாம். கப்பலுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அடி தரையில் தட்டிய பின்னரே ஆழமின்மை அதற்குத் தெரியவரும். ஆதலின் முன்கூட்டி ஆழங் காணும் கலை கடலோடிகளுக்கு உயிர்க்கலையாயிற்று. சிங்கப்பூர்க் கடலில் அக்கலை கயிறும் ஈயமுமாகத் தொடங்கி, இன்று தட்டைப்படகின் பின்புறத்தில் பூட்டப்படும் உள்ளங்கையளவான ஒரு கருவியாக வந்து நிற்கிறது. ஆழம் என்பது கீழேயுள்ள தரையைப் பொறுத்தது என்றே பலரும் எண்ணுவர். அளப்பவன் எங்கே நின்று அளந்தான் என்பதையும் அது பொறுத்ததாம் என்பதை இவ்வரலாறு நெடுகக் காணலாம்.

முதற்கண் சொற்களை நோக்குவோம். இரு கைகளையும் விரித்து நின்றால் ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனி வரையுள்ள நீளத்தைத் தமிழர் மார் என்றனர். கடற்றொழில் செய்வோரிடையே ஆழத்தின் அளவு பாகம் என வழங்கும். யாழ்ப்பாணத்தார் கிணற்றின் ஆழத்தையும் பாகக் கணக்கிலேயே சொல்வர். இதே கையளவை மலாய் மக்கள் டெப்பா என்பர். ஆங்கிலேயரின் ஃபாதம் என்ற சொல்லுக்கும் விரித்துத் தழுவும் கைகள் என்பதே பழம்பொருள்; பின்னர் அஃது ஆறு அடி என வரையறுக்கப்பட்டது. ஒருவரை ஒருவர் பார்த்திராத மக்களெல்லாம் ஒரே அளவைக் கண்டதற்குக் காரணம் எளிது. நீரிலிருந்து கயிற்றை இழுப்பவன் கைகளை விரித்து விரித்துத்தான் இழுத்தாக வேண்டும். விரித்த தடவைகளை எண்ணினால் ஆழம் கிடைத்துவிடும். மலாய் மொழியில் டுகா என்பது ஆழம் பார்த்தலைக் குறிக்கும். அதன் வழிவந்த சொல்லே ஊகித்தலையும் குறிக்கும். 'அவன் என்னை ஆழம் பார்க்கிறான்' என்று தமிழில் சொல்லும்போதும் இப்பொருளே தோன்றுவதை ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துக்காட்டலாம்.

ஈயங்கட்டிய கயிறு மிகப் பழமையானது. கிறித்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டினரான எரொடோட்டசு, எகிப்துக் கரைக்கு ஒருநாட் பயணத் தொலைவிலேயே கயிறு விட்டால் பதினொரு பாக ஆழத்தில் நைல் ஆற்றின் சேறு வரும் என்று எழுதிவைத்தார். கிறித்துவ மறையின் அப்போஸ்தலர் நடபடிகளிலும் புயலிற் சிக்கிய கப்பலார் இருமுறை ஆழம் பார்த்த செய்தி உண்டு. முதலில் இருபது பாகம், சற்றுப் பொறுத்துப் பதினைந்து பாகம். கரை நெருங்குகிறது என்று அவர்கள் அறிந்து நங்கூரம் இட்டனர். எரொடோட்டசு கூறும் சேறு எவ்வாறு மேலே வந்தது என்ற ஐயம் எழலாம். பிற்காலத்து ஈயக்குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் கொழுப்பை அப்பிவிடுவர். தரையில் பட்டதும் மணலோ சேறோ சிப்பித்தூளோ அதில் ஒட்டிக்கொள்ளும். தேர்ந்த மாலுமி அம்மண்ணைக் கண்டே தான் நிற்கும் இடத்தை உய்த்துணர்வான். இன்றைய விலையுயர்ந்த கருவிகள் பலவும் தரையின் மண்ணைக் கையில் எடுத்துத் தருவதில்லை என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். 1819-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ராபிள்சும் பர்குவாரும் புதிய துறைமுகத்துக்கு இடம் தேடி வந்தபோது, அவர்களுடன் கடலளவைக் கப்பல்கள் இரண்டும் வந்தன. ஒன்று கப்பித்தான் டேனியல் ராசு செலுத்திய டிஸ்கவரி; மற்றொன்று கப்பித்தான் கிராபர்டு செலுத்திய இன்வெஸ்டிகேட்டர். இரண்டும் பம்பாய் மரைன் என்ற கும்பெனிக் கடற்படையைச் சேர்ந்தவை. முதலில் பார்த்த கரிமுன் தீவுகள் ஏற்றனவாக இல்லை. செயிண்ட் ஜான் தீவுக்கு வடகிழக்கே அதனினும் தக்க இடம் உண்டு என்று சுட்டிக்காட்டியவர் ராசு. சனவரி 28-ஆம் நாள் கப்பல்கள் அங்கே நங்கூரமிட்டன. பிப்ரவரி 6-ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சிங்கப்பூர் ராபிள்சின் கண்ணில் பட்ட ஊர் என்று பாடநூல்கள் கூறும். அது ராசின் கயிற்றில் பட்ட ஊர் என்பதும் அதே அளவுக்கு உண்மை. கப்பல் நிற்க இயலாத கரையில் எத்துணைத் தொலைநோக்குடையவரும் வணிக நகரை எழுப்பியிருக்க முடியாது.

அக்காலத்தில் கயிறு விட்ட முறையைச் சற்று விரிவாகவே காணவேண்டும். கரையோரத்தில் வழங்கிய ஈயக்குண்டு 7 முதல் 14 ராத்தல் வரை எடையுள்ளது. ஆழ்கடலுக்கு 28 ராத்தலும் அதற்கு மேலும் வேண்டும். கயிற்றில் இரண்டாம் பாகத்தில் இரண்டு தோல்வார், மூன்றாம் பாகத்தில் மூன்று தோல்வார், ஐந்தில் வெள்ளைத் துணி, ஏழில் சிவப்புத் துணி, பத்தில் துளையிட்ட தோல், பதின்மூன்றில் நீலத் துணி என இருபது பாகம் வரை அடையாளங்கள் முடியப்பட்டிருக்கும். வெள்ளை, சிவப்பு, நீலம் மூன்றும் வெவ்வேறு நெசவுள்ள துணிகள். இருட்டில் நிறம் தெரியாது. கையாலோ உதட்டாலோ தடவி எந்தத் துணி என்று அறியவே இந்த ஏற்பாடு. குண்டு வீசுபவன் கப்பலின் விளிம்பில் இடுப்புப் பட்டையில் சாய்ந்து நிற்பான்; குண்டைச் சுழற்றி முன்னோக்கி எறிவான். கப்பல் முன்னேறிக் குண்டுக்கு நேர்மேலே வரும் கணத்தில் கயிறு செங்குத்தாக நிற்கும். அக்கணத்தில் நீர்மட்டத்தில் எந்த அடையாளம் நிற்கிறதோ அதுவே ஆழம். கணம் தவறினால் கயிறு சாயும். சாய்ந்த கயிறு ஆழத்தை மிகுத்துக் காட்டும். நீரோட்டம் வலிய சிங்கப்பூர் நீரிணையில் இது சிறிய இடர் அன்று. மிகுத்துக் காட்டும் பிழை குறைத்துக் காட்டும் பிழையினும் கொடியது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இந்தக் கணத்தைப் பிடித்தவர் யாவர்? பம்பாய் மரைன் கப்பல்களில் உழைத்தவர்களிற் பெரும்பாலோர் லஸ்கர் எனப்பட்ட இந்திய மாலுமிகள். அவர்களுக்குச் சாரங்கும் தண்டேலும் தலைவர்கள். வரைபடங்கள் கப்பித்தானின் பெயரைத் தாங்கி வெளிவந்தன. கயிறு பிடித்த கைகளின் பெயர் அவற்றில் இல்லை. ராசு பிற்காலத்தில் இந்தியக் கடலளவையின் தந்தை என்று போற்றப்பட்டார். அப்புகழ் அவருக்குத் தக்கதே. ஆயினும் வரைபடத்தில் உள்ள ஒவ்வோர் எண்ணும் ஒரு மனிதன் குனிந்து, எறிந்து, இழுத்து, உரக்கக் கூவிச் சொன்ன எண் என்பதை மறத்தல் ஆகாது.

அவ்வெண்களுள் பல இன்று கடலில் இல்லை என்பதும் வியப்பானது. தெலுக் ஆயர் தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்கா அன்று கடலை நோக்கி நின்றது. 1880-ஆம் ஆண்டுகளில் அங்கே கடல் தூர்க்கப்பட்டது. ராபின்சன் சாலை அவ்வாறு எழுந்த நிலத்தில் அமைந்ததே. தேக்காவிலிருந்து ரோச்சோர்க் கால்வாயை ஒட்டி நடந்து பீச் ரோட்டை அடைபவர், பெயரை நம்பிக் கடலைத் தேடினால் ஏமாறுவர்.

கப்பலுக்கு ஆழம் இருந்த இடத்தில் கரை இல்லை. கரை இருந்த ஆற்றில் ஆழம் இல்லை. சிங்கப்பூரின் முதல் அரை நூற்றாண்டு வணிகம் இந்த முரண்பாட்டின்மேல் நடந்தது. பெருங்கப்பல்கள் வெளிக்கடலில் நின்றன. சரக்கைச் சிறுபடகுகள் ஆற்றங்கரைக் கிடங்குகளுக்குக் கொணர்ந்தன. மலாய் மொழியில் தொங்காங் எனப்படும் அப்படகைத் தமிழர் தொங்கான் என்றனர். தொடக்கக் காலத்தில் இவற்றை ஓட்டியவர்கள் பெரும்பாலும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர்களே. ராபிள்சின் ஆணைப்படி வரைந்த நகரப் படத்தில் ஆற்றை ஒட்டிச் சூலியர் கம்பம் குறிக்கப்பட்டிருக்கிறது. 1860-ஆம் ஆண்டுகளுக்குப் பிறகு இத்தொழில் சீனர் கைக்கு மாறியது. படகின் அடி தட்டையாக இருந்ததற்குக் காரணம் ஆற்றின் ஆழமின்மைதான். தட்டை அடி சேற்றில் அமர்ந்தாலும் கவிழாது. அடுத்த ஓதத்தில் தானே எழும். 1869-இல் கட்டிய காவெனா பாலம் படகோட்டிகளுக்கு இன்னொரு தொல்லையைச் சேர்த்தது. ஓதம் ஏறினால் பாலத்தின் அடியில் படகு நுழையாது. ஓதம் இறங்கினால் ஆற்றில் நீர் போதாது. கீழே தரையையும் மேலே பாலத்தையும் ஒருங்கே அளந்து படகு விட்டவர்கள் அவர்கள். 1983-இல் அரசினர் சரக்குப் படகுகளைப் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றியதோடு ஆற்றில் அத்தொழில் முடிந்தது.

இதற்கிடையில் ஆழமும் கரையும் ஒன்றாக அமைந்த இடம் மேற்கே கிடைத்தது. 1848-இல் கப்பித்தான் கெப்பல் அதன் சிறப்பை எடுத்துரைத்தார். 1864-இல் தஞ்சோங் பகார் கப்பற்றுறைக் கும்பெனி எழுந்தது. 1900-இல் அத்துறை கெப்பல் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. அங்கு மூட்டை சுமந்தும் நிலக்கரி சுமந்தும் உழைத்த தமிழர் வரலாறு தனியே எழுதத் தக்கது.

கயிற்றின் குறை ஆழ்கடலில் வெளிப்பட்டது. 1871-இல் சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் கடலடித் தந்தியால் இணைந்தன. கம்பி இடுவதற்கு ஆழ்கடலின் அடி தெரிந்தாக வேண்டும். ஓராயிரம் பாகக் கயிற்றை விட்டு இழுக்க மணிக்கணக்காகும். கயிற்றின் எடையே குண்டின் எடையை விஞ்சிவிடுவதால் குண்டு தரையில் பட்டதா என்பதே ஐயமாகும். 1870-ஆம் ஆண்டுகளில் கெல்வின் பிரபு எனப் பின்னர் அழைக்கப்பட்ட வில்லியம் தாம்சன் கயிற்றை நீக்கிப் பியானோக் கம்பியைப் புகுத்தினார். அது விரைவைத் தந்தது. ஆயினும் குண்டு குண்டாகவே இருந்தது.

குண்டையே நீக்கியது ஒலி. 1826-இல் கொலாதோன், ஸ்டர்ம் என்னும் இருவர் ஜெனீவா ஏரியில் நீருக்குள் மணியடித்து, நீரில் ஒலி வினாடிக்கு 1,435 மீட்டர் செல்லும் என்று கண்டனர். காற்றில் அது செல்வதோ ஏறத்தாழ 340 மீட்டர். 1880-இல் கியூரி உடன்பிறந்தார் இருவர், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதைக் கண்டனர். 1912-இல் டைட்டானிக் மூழ்கியது பனிப்பாறையை முன்னறியும் வழி தேடப் பலரைத் தூண்டிற்று. 1913-இல் செருமானியர் பேம் எதிரொலியால் ஆழங் காணும் முறைக்கு உரிமை பெற்றார். 1914-இல் பெசண்டன் அமெரிக்கக் கப்பலொன்றிலிருந்து பனிமலையின் எதிரொலியையும் கடலடியின் எதிரொலியையும் கேட்டார். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேடிய பிரெஞ்சு அறிஞர் லாஞ்செவன், கியூரிகளின் படிகத்தைக் கொண்டு செவிக்கெட்டாத நுண்ணொலியை எழுப்பினார். 1925 முதல் 1927 வரை தென் அட்லாண்டிக்கில் திரிந்த மெட்டியோர் என்ற செருமானியக் கப்பல் ஏறத்தாழ 67,000 இடங்களில் எதிரொலியால் ஆழங் கண்டது. கயிற்றால் அதைச் செய்ய ஒரு தலைமுறையும் போதாது.

ஒலியை விடுத்து அதன் எதிரொலியை வாங்கும் உறுப்பை டிரான்ஸ்டியூசர் என்பர்; தமிழில் ஆற்றல்மாற்றி என வழங்குகிறது. அதன் கணக்கு ஒரு மாணவனும் செய்யக்கூடியது. ஒலி போய்வர எடுத்த நேரத்தைப் பாதியாக்கி, ஒலியின் விரைவால் பெருக்கினால் ஆழம். ஆனால் எந்த விரைவு? சிங்கப்பூர்க் கடல்நீர் வெப்பமும் உப்பும் உடையது. அதில் ஒலி வினாடிக்கு 1,540 மீட்டர் அளவில் செல்லும். கருவியை 1,500 என்று வைத்துவிட்டால் 20 மீட்டர் ஆழம் பத்தொன்பதரை மீட்டராகத் தெரியும். நல்வாய்ப்பாக இது காப்பான பக்கத்துப் பிழை. விரைவை மிகுதியாக வைத்தால் இல்லாத நீரைக் கருவி காட்டிவிடும்.

இதனினும் பெரிய வினா, அவ்வுறுப்பை எங்கே பூட்டுவது என்பது. பழைய தொங்கானின் உறவு என்று சொல்லத்தக்க மிதவைப்படகை எடுத்துக்கொள்வோம். இரண்டு அலுமினியக் குழாய்களின் மேல் தளம் அமைத்துப் பின்புறம் எஞ்சினைப் பூட்டியது அது. ஒலிக்குக் காற்றுக்குமிழ் சுவர் போன்றது. குமிழ் படர்ந்த நீரில் ஒலி தரையை எட்டாமலே சிதறும். ஆகையால் குழாயின் ஒட்டுவரிகளுக்கும் நீட்டல்களுக்கும் நேர்பின்னே ஆற்றல்மாற்றியை வைத்தலாகாது. எஞ்சினின் சுழலி கலக்கும் நீரிலும் வைத்தலாகாது. சுழலி வலஞ்சுழியாக ஓடினால் அதன் இதழ்கள் வலப்புறத்தில் கீழ்நோக்கி இறங்கும். அப்பக்கமே கலக்கம் குறைந்தது என்று வலப்பக்கத்தைத் தேர்வது வழக்கம். உறுப்பின் முகம் குழாயின் அடிமட்டத்துக்குச் சிறிது கீழே, கலையாத நீரில், நேர்கீழே பார்த்து நிற்கவேண்டும். முகம் சாய்ந்தால், ராசு காலத்தில் கயிறு சாய்ந்தபோது நேர்ந்த அதே பிழை நேரும்.

குழாயைத் துளையிடுவோர் பின்னர் வருந்துவர். படகைத் தாங்குவதே அதனுள் இருக்கும் காற்று. எஞ்சினைத் தாங்கும் சட்டத்திலோ தனியே பற்றவைத்த தகட்டிலோ பிடிகம்பியை முடுக்குவதே தக்கது. வெண்கல உறுப்பை அலுமினியத்தோடு சேர்த்தலும் கூடாது. உப்புநீரில் இரண்டும் மின்கலத்தின் இரு தகடுகளாகி அலுமினியம் அரிபடும். படகின் உள்ளேயே வைத்து அடிப்பலகையின் ஊடாக ஒலியை விடலாமே எனின், இடையில் காற்றில்லாத கெட்டியான கண்ணாடியிழைப் படகில் அது செல்லும். மரத்திலும் அலுமினியத்திலும் செல்லாது. ஆழங் குறைந்த நீருக்கு வினாடிக்கு 2,00,000 அதிர்வுள்ள ஒலியும், ஆழ்நீருக்கு 50,000 அதிர்வுள்ள ஒலியும் வழக்கிலுள்ளன. வெப்பநாட்டுக் கடலில் பாசியும் சிப்பியும் விரைந்து படரும். சில வாரம் கவனியாத முகம் செவிடாகிவிடும்.

இவ்வளவும் செய்தபின் திரையில் ஓர் எண் தோன்றும். அவ்வெண் எதன் ஆழம்? உறுப்பு நீர்மட்டத்துக்குக் கீழே முப்பது சென்டிமீட்டரில் இருந்தால், கருவி அளப்பது அதன் முகத்திலிருந்து தரை வரையுள்ள நீரை மட்டுமே. முப்பதைக் கூட்டினால் நீரின் ஆழம். படகின் மிகத் தாழ்ந்த பகுதி முகத்தினும் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அதைக் கழித்தால் படகுக்கு மிஞ்சிய நீர். ஒரே இடத்தில் மூன்று எண்கள் உண்டு, மூன்றும் உண்மையே. எது தன் திரையில் நிற்கிறது என்று அறியாத ஓட்டுநன், கருவியில்லாத படகோட்டியினும் இடருக்கு உள்ளாவான். மேலும் தட்டைப்படகு ஆள் ஏற ஏற அமிழும். காலையில் வெறும்படகில் சரிபார்த்த எண் மாலையில் சுமையேறிய படகுக்குப் பொருந்தாது. தொங்கானோட்டிகள் சுமைக்கேற்பப் படகு அமிழ்வதைப் பார்த்துத்தான் ஆற்றில் நுழைந்தனர். அக்கணக்கை இன்றைய கருவி தானே செய்வதில்லை.

சிறுபடகுக்கு உரிய இக்கணக்கே பெருங்கப்பலுக்கும் உரியது. 1975-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் 2,37,000 டன்னுக்கு மேற்பட்ட தாங்குதிறனுடைய சோவா மாரு என்ற சப்பானிய எண்ணெய்க் கப்பல் சிங்கப்பூருக்குத் தெற்கே பஃபலோ ராக் அருகில் தரைதட்டி ஆயிரக்கணக்கான டன் எண்ணெயைக் கடலிற் கொட்டியது. அதன்பின் கரைநாடுகளான இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் 1977-இல் உடன்பட்டு ஒரு விதியை முன்வைத்தன. உலகக் கடல்வழி அமைப்பும் அதே ஆண்டு அதனை ஏற்றது. நீரிணைகளைக் கடக்கும் பெருங்கப்பலின் அடிக்கும் தரைக்கும் இடையே எந்நேரமும் மூன்றரை மீட்டர் நீர் இருத்தல் வேண்டும் என்பதே அவ்விதி. போவார் வருவார் வழிகளைப் பிரிக்கும் முறை 1981-இல் நடைமுறைக்கு வந்தது. மூன்றரை மீட்டர் என்பது இரண்டு பாகத்துக்கும் சற்றுக் குறைவு. இருபது மீட்டர் நீரில் அமிழ்ந்து செல்லும் கப்பலுக்கு அவ்வளவே காப்பு. ஒலியின் விரைவில் அரை மீட்டர், உறுப்பு பூட்டிய இடத்தில் அரை மீட்டர், ஓதக் கணக்கில் அரை மீட்டர் என்று பிழைகள் ஒரே பக்கம் சேர்ந்தால் அக்காப்பில் பாதிக்கு அருகில் கரைந்துவிடும். வரைபடத்தில் அச்சிடும் ஆழம் மிகத் தாழ்ந்த ஓதத்திலிருந்து கணக்கிடப்படுவதற்கும் இதுவே காரணம்.

ஒரே கற்றையாக நேர்கீழே பார்த்த கருவிக்கு மாறாக, இன்று அளவைப்படகுகள் விசிறிபோல் பல கற்றைகளை விரித்துக் கடலடியை அகலமாக அளக்கின்றன. ஆயினும் ஒற்றைக் கற்றைக் கருவியைச் சரிபார்க்க அளவையாளர் கைக்கொண்ட முறை இன்னும் மறையவில்லை. அலையில்லாத இடத்தில் படகை நிறுத்துவர். அளவு குறித்த இரண்டு சங்கிலிகளில் ஓர் இரும்புத் தகட்டைக் கட்டி, ஆற்றல்மாற்றியின் நேர்கீழே இறக்குவர். நீர்மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர், நான்கு மீட்டர், ஆறு மீட்டர் என்று ஒவ்வொரு குறியிலும் தகட்டை நிறுத்தித் திரையைப் பார்ப்பர். சங்கிலியின் எண்ணும் திரையின் எண்ணும் ஒன்றாகும் வரை கருவியைத் திருத்துவர். பக்கத்தில் குனிந்து நின்று, சங்கிலி செங்குத்தாக இருக்கிறதா என்று பார்த்து, நீர்மட்டத்தில் நிற்கும் குறியை உரக்கச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.